முதல் வகை நீரிழிவு உள்ள மகளுக்கு இப்போது செலியாக்: எது எதை இழுத்து வந்தது?

தேன்மொழி எழுதியது:

என் மகளுக்கு ஒன்பது வயது. முதல் வகை நீரிழிவு என்று தெரிந்து இரண்டு ஆண்டுகளாக இன்சுலின் போட்டு வருகிறோம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இந்த முறை டிடிஜி என்ற எதிர்ப்பொருள் அதிகமாக இருப்பதாக வந்திருக்கிறது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சிதையும் செலியாக் நோயாக இருக்கலாம், குடல் மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எனக்குப் பிடிபடாத விஷயம் இதுதான். அவளுக்கு வயிற்றுவலி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, எடையும் குறையவில்லை. குடலில் நோய் இருந்தால் குடல் ஏதாவது சொல்ல வேண்டாமா? நீரிழிவுதான் இதைக் கொண்டு வந்ததா, அல்லது இது முன்பே இருந்து நீரிழிவைக் கொண்டு வந்ததா? கோதுமையை நிறுத்தினால் சர்க்கரையும் சரியாகிவிடும் என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். இன்றைக்கே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நுண்ணோக்கி எழுதியது:

அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோதுமையை இன்றைக்கு நிறுத்தாதீர்கள். பரிசோதனைகள் முழுவதும் முடியும் வரை குழந்தை வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடட்டும்.

நான் நோய்க்குறியியல் துறையில் இருப்பவன். குடலிலிருந்து எடுத்த திசுத் துணுக்குகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. யாரோ சொன்னார்கள் என்று உணவை முன்கூட்டியே மாற்றிக்கொண்டு வருபவர்களின் திசு பாதி ஆறிய நிலையில் இருக்கும். நோய் உண்டு என்றும் எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது. ரத்தத்தில் எதிர்ப்பொருளும் இறங்கியிருக்கும். பிறகு மருத்துவர் மேற்பார்வையில் பல வாரங்கள் மறுபடி கோதுமை சாப்பிட வைத்துச் சோதிக்க வேண்டி வரும். ஒரு குழந்தையை அந்த அவதிக்கு ஆளாக்க வேண்டாம்.

இரண்டாவது, அறிகுறி இல்லாதது பற்றி. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளிடம் செலியாக் பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் இருக்கிறது. அதனால்தான் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், நீரிழிவு கண்டறியப்பட்டபோதும், பிறகு 2 ஆண்டுகளுக்குள்ளும் 5 ஆண்டுகளிலும் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறார்கள். இந்த நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குச் செலியாக் இருக்கிறது. பொது மக்களிடம் அது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவு. சிறுகுடல் நீளமானது. மேல் பகுதி சிதைந்தாலும் கீழ்ப் பகுதி உறிஞ்சும் வேலையை ஏற்றுக்கொண்டு வெகு காலம் சமாளித்துவிடும்.

மூன்றாவது, எது எதைக் கொண்டு வந்தது என்ற கேள்வி. ஒன்று மற்றொன்றைக் கொண்டு வரவில்லை. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. நம் உயிரணுக்களின் மேல் எச்எல்ஏ எனப்படும் புரதங்கள் இருக்கின்றன. எது நம்முடையது, எது அந்நியம் என்று நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டிக் கொடுப்பவை அவை. டிகியூ2, டிகியூ8 என்ற இரண்டு வகைகள் செலியாக்குக்கு அடிப்படை. நோயாளிகளில் சுமார் 90 சதவீதம் பேரிடம் டிகியூ2 இருக்கும். மீதிப் பேரில் பெரும்பாலோரிடம் டிகியூ8. முதல் வகை நீரிழிவுக்கும் இதே இரண்டு வகைகள்தான் பெரிய மரபுவழிக் காரணம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் தாக்கப்பட்டால் நீரிழிவு, குடலின் உட்படலம் தாக்கப்பட்டால் செலியாக். நீரிழிவு பெரும்பாலும் முதலில் கண்டுபிடிக்கப்படுகிறது, ஏனென்றால் அது சில வாரங்களிலேயே குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு வந்துவிடும். செலியாக் பல ஆண்டுகள் மறைந்திருக்கும்.

உறவினர் சொன்னதற்குப் பதில்: கோதுமையை நிறுத்தினால் முதல் வகை நீரிழிவு போகாது. இன்சுலினை எந்தக் காரணத்துக்காகவும் குறைக்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.


செவ்வந்தி எழுதியது:

'குடல் ஏதாவது சொல்ல வேண்டாமா' என்று தேன்மொழி கேட்டிருக்கிறார். என் குடல் ஒன்றுமே சொல்லவில்லை. ரத்தம்தான் சொன்னது, அதை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

கல்லூரிக் காலம் முதல் எனக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை, சற்று ஏறும், மறுபடி இறங்கும். 'பெண்களுக்கு இது சகஜம்' என்று சொல்லிச் சொல்லியே பல வருடங்களைக் கடத்திவிட்டார்கள். ஒரு மருத்துவமனையில் நான் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கடைசியில் ஒரு மருத்துவர், விழுங்கிய இரும்பு எங்கே போகிறது என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. இரும்பு உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில். செலியாக் முதலில் கை வைப்பதும் அங்கேதான். அப்புறம் எலும்பு அடர்த்தி பார்த்தார்கள், அதுவும் குறைந்திருந்தது. கால்சியத்துக்கும் அதே கதி.

நோய் தெரிந்த அன்று நான் அழவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு எளிய ஒரு ரத்தப் பரிசோதனை ஏன் முன்பே செய்யப்படவில்லை? காரணம் தெரியாத ரத்தசோகை உள்ள ஒவ்வொருவருக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லி வருகிறேன். உங்கள் மகளுக்குச் சிறு வயதிலேயே தேடிப் பார்த்திருக்கிறார்கள். அந்த வகையில் அவளுக்கு நல்ல மருத்துவம் கிடைத்திருக்கிறது.


வழிப்போக்கன் எழுதியது:

எல்லோரும் எதற்காகச் சுற்றி வளைக்கிறீர்கள்? கோதுமை குடலைக் கெடுக்கிறது, குடல் கெட்டால் எல்லா நோயும் வரும். எனக்குத் தைராய்டுக் குறைவு இருந்தது. கோதுமையை விட்டேன், உடல் லேசானது, வயிற்று உப்புசம் போனது. செலியாக் இருக்கிறதோ இல்லையோ, எல்லோருமே விட்டுவிட்டால் இந்தத் தன்னுடல் தாக்கு நோய்கள் பாதியாகக் குறையும் என்பது என் உறுதியான எண்ணம். மருந்து கொடுப்பவர்களுக்கு இது பிடிக்காது.


இளமாறன் எழுதியது:

வழிப்போக்கன் அவர்களே, உங்கள் உடல் நலமானதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் 'எல்லோரும்' என்ற சொல்லில்தான் சிக்கல். நான் உயிரியல் கற்பிப்பவன், இந்த நோய் உருவாகும் விதத்தை மாணவர்களுக்கு ஆர்வத்தோடு விளக்குவேன். இங்கும் விளக்க முயல்கிறேன்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதக் கூட்டம். அதில் புரோலின், குளூட்டமின் என்ற அமினோ அமிலங்கள் அளவுக்கு அதிகம். நம் செரிமான நொதிகளால் அந்தச் சங்கிலியை முழுவதும் வெட்ட முடியாது. 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு எந்த நொதிக்கும் அசையாமல் அப்படியே மிஞ்சுவதை 2002இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கவனியுங்கள், இது எல்லா மனிதர்களிடமும் நடப்பது. உங்கள் குடலிலும் என் குடலிலும் அந்தத் துண்டு மிஞ்சுகிறது. பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.

செலியாக் உள்ளவரிடம் கதை இதற்குப் பிறகுதான் மாறுகிறது. குடல் சுவரில் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்றொரு நொதி இருக்கிறது. காயங்களை ஆற்றுவதில் பங்கு கொள்ளும் நல்ல நொதி. அது இந்தக் குளூட்டன் துண்டுகளில் உள்ள சில குளூட்டமின்களை மாற்றி, அவற்றுக்கு எதிர்மின் தன்மை கொடுத்துவிடுகிறது. அப்படி மாறிய துண்டு டிகியூ2, டிகியூ8 புரதங்களின் பள்ளத்தில் இறுகப் பொருந்திக்கொள்கிறது. அதைக் கண்ட டி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் இதை எதிரி என்று எடுத்துக்கொண்டு அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. குடல் படலத்துக்குள்ளேயே இருக்கும் இன்னொரு வகை வெள்ளணுக்கள் வெறி கொண்டு, அருகிலுள்ள குடல் அணுக்களைக் கொல்லத் தொடங்குகின்றன. உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் குட்டையாகி, கடைசியில் மழுங்கிப் போகின்றன.

இதோடு நிற்பதில்லை. உடல் குளூட்டனுக்கு எதிராக மட்டுமின்றி, தன் சொந்த நொதியான டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. 1997இல் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்டது இது. தேன்மொழி குறிப்பிட்ட டிடிஜி சோதனை இதைத்தான் அளக்கிறது. செலியாக்கை ஒவ்வாமை என்று சொல்லாமல் தன்னுடல் தாக்கு நோய் என்று சொல்வது இதனால்தான். கோதுமை ஒவ்வாமை வேறு. அது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளால் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வெளிப்படுவது.

தன்னுடல் தாக்கு நோய்களிலேயே தூண்டும் பொருள் இன்னதென்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது செலியாக் ஒன்றில்தான். அந்தப் பொருளை நீக்கினால் தாக்குதல் அடங்குகிறது. தைராய்டிலும் நீரிழிவிலும் அப்படி ஒரு பொருள் கையில் சிக்கவில்லை. செலியாக்கில் பலித்ததை அவற்றுக்கும் பலிக்கும் என்று நீட்டுவதற்கு ஆதாரம் போதாது.


வழிப்போக்கன் எழுதியது:

அப்படியானால் என் வயிற்று உப்புசம் போனது எப்படி? அதுவும் கற்பனையா?


நுண்ணோக்கி எழுதியது:

கற்பனை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை, ஃபிரக்டான் என்ற மாவுச்சத்தும் இருக்கிறது. அது குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னவர்களுக்கு நார்வேயில் எது என்று சொல்லாமல் இரண்டையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. அவர்களில் பலருக்குத் தொல்லை கொடுத்தது ஃபிரக்டான்தான், குளூட்டன் இல்லை. உங்களுக்கும் அப்படி இருக்கலாம். அல்லது உண்மையிலேயே செலியாக் இருக்கலாம். தன்னுடல் தாக்கு வகைத் தைராய்டு நோய் உள்ளவர்களிடம் செலியாக் பொது மக்களைவிட அதிகம் என்பது நன்கு நிறுவப்பட்டது. சோதித்துக்கொள்ளாமலே உணவை மாற்றிவிட்டதால் இது எது என்று இப்போது உங்களுக்குத் தெரியாது என்பதுதான் என் வருத்தம்.

ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. 1924இல் சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் செலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவைக் கொடுத்தார். சாவின் விளிம்பில் இருந்த குழந்தைகள் தேறினார்கள். குணமாக்கியது வாழைப்பழம் என்றே வெகு காலம் நம்பினார்கள். உண்மையில் அந்த உணவில் கோதுமை இல்லாததே காரணம். குழந்தைகள் பிழைத்தது உண்மை, காரணம் என்று நினைத்தது தவறு. சரியான காரணத்தைக் கண்டவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. 1930களிலேயே அவருக்குக் கோதுமை மீது சந்தேகம் இருந்தது. 1944–45 குளிர்காலத்தில் போரால் அந்த நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. மற்றக் குழந்தைகள் வாடியபோது செலியாக் குழந்தைகள் தேறினார்கள், கோதுமை திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி நோயுற்றார்கள். அவர் அதோடு விடவில்லை. ஒவ்வொரு தானியமாகக் கொடுத்து, மலத்தில் வெளியேறும் கொழுப்பைச் சக ஆய்வாளர்களோடு அளந்து பார்த்து, 1950இல் தன் ஆய்வேட்டில் எழுதினார். ஒன்றை விட்டதும் நலமானது என்பது ஒரு தொடக்கம்தான். டிக்கெயைப் போல அதைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

தைராய்டு மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. அந்த மாத்திரையும் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. செலியாக் மறைந்திருந்தால் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். குடல் ஆறியதும் குறைந்த அளவே போதுமானதாகும். இதைப் பார்த்துவிட்டுத் 'தைராய்டு குணமாகிறது' என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். குணமாவது குடல், தைராய்டு அப்படியேதான் இருக்கிறது.


அந்திமந்தாரை எழுதியது:

இதுவரை யாரும் தோலைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு முழங்கை, முழங்கால், இடுப்புக்குக் கீழே பின்புறம் என இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிறு கொப்புளங்கள் வரும். அரிப்பு என்றால் உறங்கவே விடாத அரிப்பு. கரப்பான் என்றார்கள், சிரங்கு என்றார்கள், தடவாத களிம்பு இல்லை. பிறகு ஒரு தோல் மருத்துவர், கொப்புளத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருந்த தோலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து அனுப்பினார். டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்று வந்தது. செலியாக்கின் தோல் வடிவம் என்று விளக்கினார். எனக்கும் வயிற்றில் ஒன்றும் இல்லை.

கேட்க நினைப்பது: இது செலியாக்கோடு 'சேர்ந்து வரும்' நோயா, இல்லை செலியாக்கேவா? எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.


இளமாறன் எழுதியது:

மிக நல்ல கேள்வி. செலியாக்கோடு தொடர்புடையவை என்று பத்திரிகைகளில் ஒரு நீண்ட பட்டியல் போடுகிறார்கள். அதில் ரத்தசோகையும் இருக்கும், நீரிழிவும் இருக்கும், தோல் கொப்புளமும் இருக்கும், எல்லாம் ஒரே வரிசையில். படிப்பவர் மிரண்டுவிடுவார். தொடர்பு என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு உறவுகளைப் போட்டு அடைத்திருக்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

செவ்வந்தியின் ரத்தசோகையும் எலும்புத் தேய்வும் விளைவுகள். குடல் உறிஞ்சவில்லை, அதனால் உடலில் பற்றாக்குறை. சிலருக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருப்பதும், சில பெண்களுக்குக் கரு தங்காமல் போவதும்கூடச் செலியாக்கைக் கண்டுபிடிக்க வழிகாட்டியிருக்கின்றன. இந்த வகை பெரும்பாலும் குளூட்டனை நிறுத்திக் குடல் ஆறினால் திரும்பும்; எலும்பு மட்டும் முழுவதும் திரும்பாமல் போகலாம், குறிப்பாக வயது கடந்தவர்களுக்கு.

உங்கள் தோல் நோய் விளைவு இல்லை, கூட வந்த விருந்தாளியும் இல்லை. அது செலியாக்கேதான். அமெரிக்கத் தோல் மருத்துவர் லூயிஸ் டூரிங் 1884இல் விவரித்தது. குடலில் தாக்கப்படும் நொதிக்கு உடன்பிறப்பான ஒரு டிரான்ஸ்குளூட்டமினேஸ் தோலிலும் இருக்கிறது. எதிர்ப்பொருள் அதைக் குறி வைக்கும்போது கொப்புளம் வருகிறது. மூளை நரம்புகளில் மூன்றாவது ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. நடை தள்ளாடும் குளூட்டன் அட்டாக்ஸியா என்ற நிலையில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள் பலரிடம் காணப்படுகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள்.

தேன்மொழியின் மகளுக்கு இருப்பது மூன்றாவது உறவு, மரபணு வழியிலான உறவு. முதல் வகை நீரிழிவு, தன்னுடல் தாக்குத் தைராய்டு, அட்ரினல் சுரப்பியைத் தாக்கும் அடிசன் நோய், தன்னுடல் தாக்குக் கல்லீரல் அழற்சி எல்லாம் இங்கே வரும். எச்எல்ஏ தவிர 40க்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகள் செலியாக்கோடு தொடர்புடையவை; அவற்றில் பல மற்றத் தன்னுடல் தாக்கு நோய்களிலும் தென்படுகின்றன. குளூட்டனை நிறுத்தினாலும் இவை போகா. டவுன் நோய்க்குறி, டர்னர் நோய்க்குறி என்ற குரோமோசோம் கோளாறுகள் உள்ளவர்களிடமும் செலியாக் அதிகம். அவர்களுக்கும் அறிகுறிக்குக் காத்திருக்காமல் சோதிக்க வேண்டும்.


செவ்வந்தி எழுதியது:

ஒரு சந்தேகம். என் செலியாக் தாமதமாகத் தெரிய வந்தது. எவ்வளவு காலம் குளூட்டன் சாப்பிட்டோமோ அவ்வளவுக்கு மற்றத் தன்னுடல் தாக்கு நோய்களும் கூடும் என்று படித்தேன். அப்படியானால் நான் இழந்த வருடங்களுக்கு இனிமேலும் விலை கொடுக்க வேண்டுமா?


நுண்ணோக்கி எழுதியது:

நீங்கள் படித்தது 1999இல் வந்த இத்தாலிய ஆய்வாக இருக்கும். செலியாக் கண்டறியப்பட்ட வயது கூடக் கூட மற்றத் தன்னுடல் தாக்கு நோய்களும் கூடியிருந்தன என்று அது சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை உறுதி செய்யவில்லை. வயது கூடினாலே இந்த நோய்கள் கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். தைராய்டை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள், எலும்பு அடர்த்தியை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பாருங்கள். செலியாக்கில் சிலருக்கு, தொற்றை எதிர்க்க உதவும் மண்ணீரல் மந்தமாக வேலை செய்யும், அதனால் நிமோகாக்கஸ் என்ற நிமோனியாக் கிருமிக்கான தடுப்பூசி தேவையா என்றும் கேளுங்கள்.

தாமதத்தால் வரும் என்று உறுதிப்பட்ட கேடு வேறு. ஆறாத குடலில் காலப்போக்கில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு வகை வரும் வாய்ப்பு சற்று கூடுகிறது. மிக அரிதானது, இருந்தாலும் உண்மை. பெரியவர்களின் குடல் மெதுவாகத்தான் ஆறும்; உணவை மாற்றி 2 ஆண்டுகளுக்குப் பிறகும் சிதைவு மிஞ்சியிருக்கும் பலரின் திசுவை நான் பார்க்கிறேன். குழந்தைகளுக்கு விரைவாகவும் முழுமையாகவும் ஆறுகிறது.


தேன்மொழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுவதும் படித்துக்கொண்டே இருந்தேன். கோதுமையை நிறுத்தவில்லை.

என் மனதை அரிக்கும் கேள்வி ஒன்று. மரபணுதான் காரணம் என்றால் இந்த மரபணு உள்ள எல்லோருக்கும் வர வேண்டுமே? கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் கோதுமை உணவை நான் சீக்கிரம் கொடுத்துவிட்டேனோ, தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்திவிட்டேனோ என்று மாமியார் கேட்கிறார். எனக்கும் அந்த எண்ணம் விடுவதாக இல்லை.


இளமாறன் எழுதியது:

அம்மா, அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். இதைத் துல்லியமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குடும்பத்தில் செலியாக் உள்ள குழந்தைகளை வைத்து ஐரோப்பாவில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2014இல் வெளிவந்தன. குளூட்டனை நான்காவது மாதத்தில் சிறிதளவு கொடுத்துப் பார்த்தார்கள், ஆறாவது மாதத்தில் கொடுத்தார்கள், ஒரு வயது வரை தள்ளிப் போட்டும் பார்த்தார்கள். பிற்பாடு நோய் வருவதில் மாற்றமில்லை. தள்ளிப் போட்டால் நோய் தொடங்குவது சற்று தாமதமாயிற்று, அவ்வளவுதான். தாய்ப்பாலும் நோயைத் தடுக்கவில்லை. தாய்ப்பாலுக்கு வேறு ஆயிரம் நன்மைகள் உண்டு, அது தனி. உங்கள் மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மரபணு உள்ள எல்லோருக்கும் ஏன் வருவதில்லை என்பது இன்னும் முழுவதும் விடை காணாத கேள்வி. மக்கள்தொகையில் 30 முதல் 40 சதவீதம் பேர் டிகியூ2 அல்லது டிகியூ8 வைத்திருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்குத்தான் நோய் வருகிறது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு நான்கில் மூன்று என்ற அளவு, அங்கேகூட முழுமையில்லை.

சூழலின் பங்கை எனக்கு அழுத்தமாக உணர்த்தியது கரேலியா ஆய்வு. ஃபின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே உள்ள எல்லைப் பகுதி அது. இரு பக்கத்து மக்களின் மரபணுவிலும் பெரிய வேறுபாடில்லை, கோதுமை சாப்பிடும் அளவிலும் இல்லை. பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தபோது ஃபின்லாந்தில் 107 பேருக்கு ஒருவர் என்றும் ரஷ்யப் பக்கத்தில் 496 பேருக்கு ஒருவர் என்றும் வந்தது. 2008இல் வெளியான ஆய்வு. வாழ்க்கைச் சூழலும், சிறு வயதில் சந்தித்த நுண்ணுயிரிகளும் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். குழந்தைப் பருவத்தில் வரும் சில வைரஸ் தொற்றுகள் மீதும் சந்தேகம் வலுத்திருக்கிறது. 2017இல் ரியோவைரஸ் என்ற சாதுவான வைரஸ், எலிகளில் குளூட்டனைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கத்தைக் குலைத்துவிடுவதைக் காட்டினார்கள். எந்தத் தாயும் தன் குழந்தைக்கு வைரஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை.


நுண்ணோக்கி எழுதியது:

இளமாறன் சொன்னதோடு, அடுத்து நடக்கப்போவதைச் சொல்கிறேன், மருத்துவரிடம் போகும்போது உதவும்.

டிடிஜி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். நீரிழிவு உள்ள குழந்தைகளிடம் லேசாக உயர்ந்த டிடிஜி சில நேரம் தானாகவே இறங்கிவிடும், குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. ஆகவே லேசான உயர்வு என்றால் அவசரப்படாமல் மறுபடி பார்ப்பார்கள். ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவைப் பார்த்தார்களா என்று வழக்கமாகக் கேட்கச் சொல்வேன், ஏனென்றால் ஐஜிஏ குறைபாடு செலியாக் உள்ளவர்களிடம் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு உண்டு, அவர்களுக்கு ஐஜிஏ சார்ந்த சோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டும். உங்கள் மகளுக்கு உயர்ந்தே வந்திருப்பதால் அந்தக் கவலை இல்லை.

வாய் வழியே கேமராக் குழாய் செலுத்தும் எண்டோஸ்கோபி என்றால் முன்சிறுகுடலிலிருந்து குறைந்தது நான்கு துணுக்குகளும், அதன் தொடக்கப் பகுதியிலிருந்து ஒன்றிரண்டும் எடுக்க வேண்டும். சிதைவு திட்டுத் திட்டாக இருப்பதால் ஒரே துணுக்கை நம்ப முடியாது. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஒற்றைத் துணுக்கை அனுப்பிவிட்டு முடிவு கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டிடிஜி இயல்பின் மேல் வரம்பைப் போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வேறொரு நாள் எடுத்த ரத்தத்தில் செலியாக்கைக் காட்டும் இன்னொரு எதிர்ப்பொருளான எண்டோமைசியல் எதிர்ப்பொருளும் இருந்தால், குழந்தைகளுக்குத் திசு எடுக்காமலே நோயை உறுதி செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தைகள் குடல் மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டி சொல்கிறது. நீரிழிவும் இருக்கும் குழந்தைக்கு அது பொருந்துமா என்பதை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நோய் உறுதியானால் குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விட வேண்டும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் கெடும் என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே 'ஒரு துண்டு என்ன செய்யும்' என்று சொல்பவர்களை அருகில் விடாதீர்கள். பொட்டலத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று போட சர்வதேச வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். மாத்திரையோ ஊசியோ இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. டிரான்ஸ்குளூட்டமினேஸைத் தடுக்கும் ஒரு மருந்து குடல் சிதைவைக் குறைத்ததாக 2021இல் ஆய்வு வந்தது, அது இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது.

உணவு மாறும் வாரங்களில் மகளின் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். குடல் ஆறி, உறிஞ்சுவது சீராகும்போது இன்சுலின் தேவை மாறும், சில குழந்தைகளுக்குக் கூடும். குளூட்டன் இல்லாத மாவுப் பண்டங்களில் பல, சர்க்கரையை வேகமாக ஏற்றும். குடல் மருத்துவர், நீரிழிவு மருத்துவர், உணவியலாளர் மூவரும் ஒருவருக்கொருவர் பேசும்படி நீங்கள்தான் வற்புறுத்த வேண்டியிருக்கும்.


தேன்மொழி எழுதியது:

அளவைப் பார்த்தேன். மேல் வரம்பைப் போல ஆறு மடங்கு. எண்டோஸ்கோபிக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், எத்தனை துணுக்குகள் எடுப்பீர்கள் என்று கேட்டேன், நீங்கள் சொன்ன எண்ணிக்கையையே சொன்னார்கள். மகளுக்கு ஐந்து வயதில் ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்கும் பார்க்க வேண்டுமா? அவன் நன்றாகத்தான் இருக்கிறான்.


நுண்ணோக்கி எழுதியது:

மகளுக்கு உறுதியானால் அவனுக்கும், உங்களுக்கும், உங்கள் கணவருக்கும் பார்க்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய ரத்த உறவினருக்கு வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. இன்று 'இல்லை' என்று வந்தாலும் இந்த நோய் எந்த வயதிலும் தொடங்கலாம் என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுபடி பார்க்க வேண்டும். தம்பிக்கு டிகியூ2, டிகியூ8 சோதனையை ஒரே ஒரு முறை செய்தால், இரண்டும் இல்லை என்றால் அவனுக்குச் செலியாக் வருவது அநேகமாக இல்லை என்று சொல்லிவிடலாம், பிறகு ஊசி குத்தித் தொந்தரவு செய்ய வேண்டாம். இருக்கிறது என்று வந்தால் நோய் இருக்கிறது என்று பொருளில்லை, கண்காணிக்க வேண்டும் என்று மட்டுமே பொருள். அதுவரை அவனும் வழக்கம்போல் சாப்பிடட்டும்.


செவ்வந்தி எழுதியது:

எண்டோஸ்கோபி அன்று வெறும் வயிற்றில் இருக்கச் சொல்வார்கள், தேன்மொழி. இன்சுலின் போடும் குழந்தை என்பதால் அன்றைய அளவை நீரிழிவு மருத்துவரிடம் முந்தின நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், காலையில் முதல் ஆளாக அவளைச் செய்யச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், என் வீட்டுச் சமையலறையை மாற்றியபோது போட்டு வைத்த குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன, அனுப்புகிறேன்.